சோத்தாங்கைப் பக்கத்து மிருதங்கம்

நாற்பத்தேழு நாள் ஆஸ்பத்திரி வாசத்துக்குப் பிறகு நாச்சிமுத்து, கணபதிப் பகுதியில் இருக்கும் தன் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கினார். வலப்பக்கம் ஆரத்தித் தட்டோடு நின்ற மனைவி வசந்தாமணி, "ஏனுங்க, இப்புடி வந்து நில்லுங்க" என்றாள். அவர் டக்கென்று இடப்பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்தியிருந்த ஸ்கூட்டருக்கு முன்னால் பவ்யமாகப் போய் நின்றார். யாரும் சிரிக்கவில்லை. செத்துப் பிழைத்து வந்தவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்கிற மரியாதை கோயமுத்தூரில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

வந்தது மூளைக் காய்ச்சல். உயிரைப் போனால் போகிறதென்று விட்டுவிட்டு இரண்டு காதையும் கையோடு கொண்டுபோய்விட்டது. முன்னேயெல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். இப்போது செவிமணி வந்துவிட்டது. ஒவ்வொரு காதுக்குப் பின்னாலும் எலும்பைக் குடைந்து, அரிசி அளவில் ஒரு சில்லைப் பதித்து, முடியளவு கம்பியால் அதை நரம்போடு சேர்த்துவிடுகிறார்கள். பழைய கருவிகளில் பேச்சு கேட்கும், ஆனால் பாட்டு தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோல் இருக்கும். செவிமணியில் தம்புராவின் கார்வைகூடத் துல்லியமாகக் கேட்கும் என்று விளம்பரம் சொன்னது. நாச்சிமுத்து அந்த ஒரு வரிக்காகத்தான் கையெழுத்துப் போட்டார்.

அவருக்குப் பெருமை பேச இரண்டே விஷயங்கள்தான் இருந்தன. ஒன்று, பம்புசெட் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் தரப் பரிசோதனையில் இருந்து, முதலாளியே கெஞ்சினாலும் தப்பான மோட்டாரில் முத்திரை குத்தாமல் ஓய்வு பெற்றது. இன்னொன்று, வீட்டு முன்னறை. அங்கே வடக்குச் சுவரோரம் இடுப்பளவு உயர ஸ்பீக்கர் இரண்டு, நடுவில் வால்வு ஆம்ப்ளிஃபயர், கண்ணாடி மூடி போட்ட ரெக்கார்ட் பிளேயர். இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிசமமான தூரத்தில், நூல் பிடித்து அளந்து, அவர் உட்காரப் பிரம்பு நாற்காலி ஒன்று. நாற்காலிக் கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் தரையில் மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார். வசந்தாமணி முப்பது வருஷமாக அந்த நாற்காலியை அரை அங்குலம் நகர்த்தாமல் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். அதுவும் ஒரு கலைதான்.

வீடு வந்த மூன்றாம் நாள், சாத்துக்குடிப் பைகளோடு வந்த சொந்தக்காரர்களெல்லாம் போன பிறகு, அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முந்நூறு தடவையாவது கேட்டிருந்த ஒரு பழைய கச்சேரி ரெக்கார்டை எடுத்துத் துடைத்து, முள்ளை இறக்கிக் கண்ணை மூடினார்.

பாடகர் குரல் நடுவில், மூன்றடி தூரத்தில் வந்து உட்கார்ந்தது. தம்புரா கேட்டது. விளம்பரம் பொய் சொல்லவில்லை. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அப்போது மிருதங்கம் ஆரம்பித்தது. வழக்கமாக அது அவருடைய இடது தோளருகே வாசிக்கும். இன்றைக்கு வலது தோளருகே வாசித்தது. வயலின் இடப்பக்கம் வந்துவிட்டது.

நாச்சிமுத்து எழுந்து ஒயர்களைப் பார்த்தார். சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில், இடது இடதில், வலது வலதில். எல்லாம் அவரே செருகியது. ஸ்பீக்கர் அருகே போய்க் கையை வைத்தார். மிருதங்கம் அடிக்கும்போது அதிர்வது இடது ஸ்பீக்கர்தான். கண்ணைத் திறந்தால் இடது, மூடினால் வலது.

மறுநாள் நண்பர் பெஞ்சமின் வந்தார். தபால் துறையில் ஓய்வு பெற்றவர், பாட்டு கேட்பதைவிட ஒயர் வாங்குவதில் ஆர்வம் அதிகம். ரெக்கார்டை இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "எனக்குச் சரியாத்தான்பா கேக்குது. உனக்கு அந்தப் பக்கம் கேக்குதுன்னா, மிருதங்கக்காரர் நொட்டாங்கைக்காரரா இருப்பாரு. அவிங்க மேடையில எடம் மாறித்தானே உக்காருவாங்க?" என்றார்.

"முந்நூறு வாட்டி சோத்தாங்கைல வாசிச்ச மனுசன் முந்நூத்தி ஒண்ணாவது வாட்டி நொட்டாங்கைல வாசிப்பானா?"

பெஞ்சமின் யோசித்தார். "ஒயரு பழசாயிருச்சோ என்னமோ" என்றார்.

வீட்டு வாழ்க்கையும் இதே லட்சணத்தில் நடந்தது. சமையலறையில் குக்கர் விசில் அடித்தால் அவர் பூஜையறைக்குப் போய் அடுப்பைத் தேடினார். தெருவில் வலப்பக்கம் ஹாரன் அடித்தால் வலப்பக்கமே ஒதுங்கினார். ஒரு தண்ணீர் லாரி டிரைவர் அவருடைய வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போனார். கண்ணைத் திறந்திருக்கும்போது ஒருமாதிரி சமாளித்துக்கொள்ளலாம். பாட்டைக் கண்ணை மூடித்தானே கேட்க வேண்டியிருக்கிறது?

"ரெண்டு காதையும் மாத்தி மாட்டிட்டாங்க, அம்மிணி" என்றார் வசந்தாமணியிடம்.

அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சூடு இல்லீங்களே. எந்தப் பக்கம் கேட்டா என்னங்க? கேக்குதில்ல? உசுரு பொழச்சு வந்ததே பெருசு."

இந்தக் கடைசி வாக்கியத்தை அதற்குள் முப்பது பேர் சொல்லியிருந்தார்கள். சாம்பாரில் உப்பு இல்லை என்றாலும் அதே பதில், தலையணை உயரமென்றாலும் அதே பதில். பெரிய வியாதியிலிருந்து எழுந்தவன் எதைச் சொன்னாலும் அது பேராசை. அவன் பாட்டுக்குப் பிழைத்தோமே என்று சந்தோஷமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாச்சிமுத்துவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'நீங்க சொல்றது சரிதான்' என்று சொல்ல வேண்டும். முப்பத்தோரு வருஷம் மோட்டார் சத்தத்தைப் பற்றி அவர் காது சொன்னால் கம்பெனியே கேட்டது. இப்போது அவர் காதைப் பற்றி அவரே சொன்னாலும் கேட்க நாதியில்லை.

"வேணும்னா ஸ்பீக்கர் ஒயரை மாத்திப் போட்டுக்கலாமில்லீங்க?" என்றாள் வசந்தாமணி.

"சரியா இருக்கறதப் போய்த் தப்பாக்கச் சொல்றியா? தப்பு எங்க இருக்குதோ அங்கதான் திருத்தோணும்" என்று குதித்தார். அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கோகுலகிருஷ்ணன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னதைக் கேட்டார். முகத்தில் நல்ல பொறுமை இருந்தது. பொறுமைக்கும் அங்கே தனிக் கட்டணம் உண்டு.

"சார், நாலாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கு செவிமணி வெச்சிருக்கோம். ஒருத்தர்கூட இப்படிச் சொன்னதில்லை. உங்க டெஸ்ட்ல நூத்துக்கு நூறு வாங்கியிருக்கீங்களே!"

"அந்த டெஸ்ட்டுல என்னங்க கேட்டீங்க? சத்தம் கேட்டாக் கையத் தூக்குன்னீங்க. தூக்கினேன். எந்தப் பக்கம் கேக்குதுன்னு கேட்டீங்களா?"

"அதை எதுக்குக் கேக்கணும்?"

நாச்சிமுத்துவுக்குள் இருந்த பரிசோதகர் எழுந்து உட்கார்ந்தார். "இத பாருங்க டாக்டர். த்ரீ ஃபேஸ் மோட்டார்ல ரெண்டு ஒயரை மாத்திக் குடுத்தா மோட்டார் நிக்காதுங்க. ஓடும். சத்தம் நல்லாவே வரும். ஆனா எதிர்ப்பக்கமாச் சுத்தும். தண்ணி ஒழுங்கா மேல ஏறாது. 'ஓடுதா'ன்னு மட்டும் கேட்டுட்டு நான் சீல் வெச்சிருந்தா, தோட்டத்துக்காரங்க என்னை ஓட ஓட வெரட்டியிருப்பாங்க."

டாக்டர் தலையாட்டிக்கொண்டே ஏதோ தட்டினார். அச்சாகி வந்த தாளில், 'நோய்க்குப் பிந்தைய ஏற்புக் குறைபாடு. நன்றியுணர்வு குறைவாகக் காணப்படுகிறது' என்று இருந்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என மாத்திரையும் எழுதியிருந்தது. நன்றியுணர்வு மாத்திரையாக வருகிறது என்பது நாச்சிமுத்துவுக்குப் புதுச் செய்தி.

வெளியே வராந்தாவில், அவருக்கு செவிமணியை முதல்முதலில் இயக்கிவைத்த ஆடியாலஜிஸ்ட் ரெஜினா ஓடி வந்து நிறுத்தினாள். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

"சார், நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. கம்பெனிக்காரங்க குடுத்த படத்துல ஒரு மூஞ்சி போட்டு, ஒரு காதுல 'இடது', ஒரு காதுல 'வலது'ன்னு எழுதியிருக்கும். சாஃப்ட்வேர் எழுதினவங்க அதை நோயாளியோட இடதுன்னு எடுத்துக்கிட்டாங்க. ஆபரேஷன் பண்றவங்களுக்கு டிரெய்னிங் குடுத்தவர் எதிர்ல நின்னு பாக்கறவங்களோட இடதுன்னு சொல்லிக்குடுத்துட்டார். காதுக்குப் பின்னால மாட்டுற மைக்குல வர்ற சத்தம் ரெண்டு சில்லுக்கும் மாறிப் போகுது."

"அப்ப எனக்கு மட்டும்..."

"எல்லாருக்கும் சார். நாலாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கும்."

நாச்சிமுத்துவுக்கு அழலாமா, சிரிக்கலாமா என்று தெரியவில்லை. "மாத்தறதுக்கு எத்தனை நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம். கத்தியே வேண்டாம், கம்ப்யூட்டர்ல ஒரு டிக் எடுத்து இன்னொரு எடத்துல போட்டாப் போதும். ஆனா உங்களுக்கு ஒருத்தருக்கு மாத்தினா எல்லாருக்கும் தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமாம். அதனால யாருக்கும் மாத்தக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க."

"இத்தனை பேருல ஒருத்தர்கூடவா கண்டுபிடிக்கலை?"

"ரெண்டு மூணு பேரு சொன்னாங்க சார். வீட்டுல உசுரு பொழச்சதே பெருசுன்னு சொல்லி அடக்கிட்டாங்க."

அன்றைக்கு நாச்சிமுத்து ஒரு முடிவெடுத்தார். ஒரு மோட்டார் தப்பென்றால் அன்றைக்கு வந்த மொத்தச் சரக்கையே, லாட்டையே நிறுத்துவதுதான் அவர் பழக்கம். ஆனால் நேராகப் போனால் மாத்திரைதான் கிடைக்கும். எனவே மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய்யாக முத்திரை குத்தினார். ஆஸ்பத்திரி அனுப்பிய கருத்துப் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் 'மிக மிக நன்று' என்று எழுதி, கீழே, 'தம்புராவின் கார்வை கேட்டுக் கண்ணீர் விட்டேன்' என்று சேர்த்தார். இரண்டாவது வாக்கியம் உண்மை.

பத்தாவது நாள் அழைப்பு வந்துவிட்டது. செவிமணி அணிந்தோரின் வருடாந்திர 'மறுபிறவி விழா'வில் நன்றியுரை ஆற்ற வேண்டும். உரையையும் அவர்களே எழுதி அனுப்பியிருந்தார்கள். 'நான் இறந்தேன், இவர்கள் என்னைப் பெற்றார்கள்' என்று ஆரம்பித்தது.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் காலை பத்து மணிக்கு. ஐந்நூறு நோயாளிகள், துணைக்கு வந்த ஐந்நூறு சொந்தக்காரர்கள். நோயாளிகளுக்கு மஞ்சள் நிறத் தொப்பி கொடுத்திருந்தார்கள். ஆபரேஷன் தேதியைப் பிறந்த நாளாகக் கொண்டு, எழுபது வயதுப் பெரியவர்களை 'ஒரு வயதுக் குழந்தைகள்' என்று மேடையில் ஏற்றிக் கேக் வெட்ட வைத்தார்கள். கம்பெனியின் நிர்வாக இயக்குநர், கோட் போட்ட நாற்பது வயதுக்காரர், எல்லார் கன்னத்தையும் கிள்ளினார்.

நாச்சிமுத்து மைக்கைப் பிடித்தார். அச்சடித்த உரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். முன்வரிசையில் இருந்த வசந்தாமணி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். முப்பது வருஷமாக அவருடைய முகத்தில் அந்தப் பிடிவாதத்தைப் பார்த்தவள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒரு சின்ன வெளையாட்டு. நோயாளிங்க, கூட வந்தவிங்க, எல்லாரும் கண்ண மூடிக்குங்க. ஒரு மணிச் சத்தம் கேக்கும். எந்தப் பக்கம் கேக்குதோ அந்தப் பக்கத்துக் கையத் தூக்குங்க. தூக்கினதுக்கப்புறம் கண்ணத் தொறங்க. அவ்வளவுதான்."

விளையாட்டென்றதும் ஆயிரம் பேரும் சந்தோஷமாகக் கண்ணை மூடினார்கள். மண்டபத்தின் இடது சுவரோரம் நின்றிருந்த பெஞ்சமின், துண்டுக்குள் மறைத்து வைத்திருந்த பூஜை மணியை எடுத்து அடித்தார்.

மஞ்சள் தொப்பி போட்ட ஐந்நூறு பேரும் வலது கையைத் தூக்கினார்கள். தொப்பி போடாத ஐந்நூறு பேரும் இடது கையைத் தூக்கினார்கள். கண்ணைத் திறந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும், அப்பனும் மகளும், ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நாச்சிமுத்து பெஞ்சமின் நின்ற பக்கம் கையைக் காட்டினார். "பாத்தீங்களா? மணி அடிச்சது அந்தச் செவத்தோரம். நமக்கு ரெண்டு காதையும் மாத்தி வெச்சுட்டாங்க. நமக்குப் புத்தி கெட்டுப் போகலீங்க. நாம சொன்னது அத்தனையும் நெசம்."

பின்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான்கைந்து தொப்பிகள் கோபமாக எழுந்தன. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், லாட்டு நின்றுவிடும் போலத்தான் இருந்தது.

நிர்வாக இயக்குநர் எழுந்து வந்து நாச்சிமுத்துவைக் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்த வாக்கில் மைக்கும் கை மாறியது.

"பிரமாதம்! நாங்க அடுத்த மாசம் அறிவிக்கலாம்னு ரகசியமா வெச்சிருந்ததை இவர் கண்டுபிடிச்சிட்டார்! நண்பர்களே, கச்சேரியில கீழ உக்காந்து கேக்கற நமக்கு மிருதங்கம் எந்தப் பக்கம்? இடது பக்கம். ஆனா மேடையில உக்காந்து பாடற வித்வானுக்கு? வலது பக்கம்! செவிமணி போட்ட நீங்க யாரும் சாதாரண ரசிகர் இல்ல. வித்வானோட காதால கேக்கறீங்க. இந்த வசதிக்குப் பேரு 'வித்வான் செவி'. உலகத்துல வேற எந்தக் கம்பெனியிலயும் கிடையாது. ஏற்கெனவே வெச்சுக்கிட்ட உங்க அத்தனை பேருக்கும் இலவசம்!"

இலவசம் என்ற சொல் மண்டபத்தைச் சுற்றி வந்தது. எழுந்து நின்ற தொப்பிகள் உட்கார்ந்தன. முதலில் யாரோ ஒருவர் கை தட்டினார், பிறகு எல்லாரும் தட்டினார்கள். வலது கையைத் தூக்கியவர்கள் இடது கையைத் தூக்கிய சொந்தக்காரர்களைக் கொஞ்சம் இளக்காரமாகக்கூடப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் தன் மருமகனிடம், "உனக்கெல்லாம் இது கேக்காது மாப்ளே" என்றார். நாச்சிமுத்துவுக்கு ஒரு சால்வையும், 'சிறந்த செவியாளர்' என்ற கேடயமும் கிடைத்தன. லாரி ஹாரன் கேட்டால் வித்வான் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று அவர் கேட்டது மைக் இல்லாததால் யாருக்கும் கேட்கவில்லை.

நாச்சிமுத்து வீட்டுக்கு வந்து கேடயத்தை மேஜையில் வைத்துவிட்டு முன்னறை வாசலிலேயே நின்றார். ஸ்பீக்கர்களைப் பார்த்தார். இனி இவற்றை ஒரு பழைய துணியைப் போட்டு மூடிவிடலாம் என்று தோன்றியது. காது போனபோதுகூட அவர் அழுததில்லை, இப்போது கண் தளும்பியது.

வசந்தாமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏனுங்க, நானுந்தான் கண்ண மூடிக் கையத் தூக்கினேன். தொறந்து பாத்தா ஐந்நூறு பேரும் மாத்தித் தூக்கியிருக்காங்க. ஊருசனம் ஆயிரம் சொல்லட்டும். நீங்க சொன்னதுதான் சரி. மொதல்லயே நான் நம்பியிருக்கோணும்."

வீடு வந்ததிலிருந்து அவர் காத்திருந்த வாக்கியம், இவ்வளவு சாதாரணமாக வந்துவிட்டது.

"அந்தக் கோட்டுக்காரன் சொன்னானே, வித்வான் காதுன்னு. மேடையில வித்வான் எந்தப் பக்கம் பாத்து உக்காருவாரு?"

"சனத்தப் பாத்துத்தான்."

"அப்ப நீங்களும் சனத்தப் பாத்து உக்காருங்க" என்றவள், முப்பது வருஷமாக அரை அங்குலம் அசையாத பிரம்பு நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டாள்.

நாச்சிமுத்துவுக்குப் பகீரென்றது. இவ்வளவு நல்ல ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டுவதா! பெஞ்சமின் பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார். ஆனால் அவருக்குள் இருந்த பரிசோதகர் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டார். திரும்பி உட்கார்ந்தால் இடது ஸ்பீக்கர் வலது காதுக்கு வரும், செவிமணி அதை மறுபடி மாற்றும். எதையும் தப்பாக்க வேண்டியதில்லை. ஆள் மட்டும் திரும்பினால் போதும்.

"அதுசரி, சனம் எங்க?"

"நாந்தான்." அவள் சாப்பாட்டு மேஜையருகே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து அவருக்கு எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் ரெக்கார்டைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். தம்புரா, குரல். பிறகு மிருதங்கம் ஆரம்பித்தது. இடது தோளருகே, பழைய இடத்தில், கைவிரல் படுகிற தோலின் ஈரம் தெரிகிற மாதிரி. நாச்சிமுத்துவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"எந்தப் பக்கமுங்க?"

"நொட்டாங்கைப் பக்கம்."

"எனக்கும் நொட்டாங்கைப் பக்கந்தான்" என்றாள்.

பல்லவியில் அவர் தலை தானாக ஆடியது. புருவம் ஏறி இறங்கியது. தனி ஆவர்த்தனத்தில் வாய் லேசாகப் பிளந்து, நெற்றி விரிந்து, அறுபது வயது ஆள் ஆறு வயதுப் பையனாகத் தெரிந்தார். பாட்டு நடக்கும்போது அவருடைய பின்னந்தலையை மட்டுமே பார்த்துப் பெருக்கிக்கொண்டிருந்த வசந்தாமணி, வைத்த கண் வாங்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெக்கார்ட் முடிந்து முள் தேய்கிற சத்தம் கேட்டது. அவர் கண்ணைத் திறந்தார்.

"ஏனுங்க" என்றாள் அவள். "முப்பது வருசமா இந்த மூஞ்சியவா அந்தச் செவத்துக்குக் காட்டிட்டு இருந்தீங்க?"